மாத்திரையும் நீல இன்ஹேலரும் மட்டும் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக ஆஸ்துமா நாளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். ஒட்டடை, தலையணைத் தூசி, பட்டாசுப் புகை, ஊதுவத்தி ஆகியவற்றைத் தவிர்ப்பது குறித்தும் மூச்சுப் பயிற்சி குறித்தும் அதில் பயனுள்ள செய்திகள் இருந்தன. ஆனால் ஆஸ்துமா உள்ளவரின் கையில் எந்த மருந்து இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரி விடைகூட இல்லை. அந்த விடையையே 2018, 2019 ஆண்டுகளில் வெளிவந்த மருத்துவ ஆய்வுகள் மாற்றி எழுதிவிட்டன என்பதும், அந்த மாற்றம் நம் ஊர்களின் மருந்துக் கடை வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதும் என் கவலை. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது ஒரு மருந்துக் கடையில் பகுதி நேரம் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கடைக்கு வருபவர்கள் கேட்பதைக் கொண்டே நிலைமையைச் சொல்லிவிடலாம். "வீசிங்குக்கு மாத்திரை கொடுங்க" என்று கேட்டு, சால்பியூட்டமால் 4 மில்லிகிராம் மாத்திரையையும் அதனோடு தியோபிலின் வகை மாத்திரையையும் பத்து நாளைக்கு வாங்கிச் செல்பவர்கள் ஒரு சாரார். அவர்களைவிடச் சற்று வசதியானவர்கள் நீல நிற இன்ஹேலரை மட்டும் வாங்குகிறார்கள். தீர்ந்ததும் மறுபடியும் அதையே வாங்குகிறார்கள். இழுப்பு முற்றிய இரவில் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய் 'நெபு' (மருந்தை ஆவிபோல் மாற்றிச் சுவாசிக்கத் தரும் நெபுலைசர் கருவி) வைத்துக்கொண்டு, ஓர் ஊசி போட்டுக்கொண்டு விடியற்காலையில் வீடு திரும்புவது மூன்றாவது வழி. மூன்று வழிகளிலும் பெரும்பாலும் பொதுவாக இருப்பது சால்பியூட்டமால்தான். அது மோசமான மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. மூச்சு நின்றுவிடுமோ என்று தவிப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் நெஞ்சைத் திறந்துவிடும் மருந்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்துமாவுக்கு அது மட்டுமே சிகிச்சை என்று இருந்துவிடுவதுதான் ஆபத்து என்பதை ஐம்பது ஆண்டு ஆய்வு வரலாறு திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

ஆஸ்துமா என்பது மூச்சுக் குழாய்களின் உட்சுவரில் நீண்ட காலம் நீடிக்கும் அழற்சி. பலருக்கு அது ஒவ்வாமையால் வருவது. தூசியில் வாழும் நுண்பூச்சியின் கழிவோ கரப்பான்பூச்சியின் உடல் துகளோ அந்த அழற்சியைக் கிளறிவிடுகிறது. அழற்சியால் சுவர் வீங்குகிறது, சளி கட்டுகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சால்பியூட்டமால் அந்தத் தசையை மட்டும் தளர்த்துகிறது. வீக்கத்தையும் சளியையும் அது தொடுவதில்லை. நோயாளிக்கு உடனே சுகம் தெரிவதால் நோய் தணிந்தது என்று நம்பிவிடுகிறார், உள்ளே அழற்சி வளர்ந்துகொண்டே போகிறது. நாள்தோறும் அதையே பயன்படுத்தும்போது தசையிலுள்ள ஏற்பிகள் மருந்துக்கு மந்தமாகிவிடுவதும், ஒவ்வாமைப் பொருள்களுக்கு மூச்சுக் குழாய் முன்னைவிடக் கடுமையாக எதிர்வினை ஆற்றுவதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. மாத்திரை வடிவத்தின் கதை இதைவிடச் சங்கடமானது. ஒரு முறை இன்ஹேலரை அழுத்தினால் கிடைப்பது 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் இருப்பது 4,000 மைக்ரோகிராம். நாற்பது மடங்கு மருந்தை வயிற்றுக்குள் அனுப்பி, கை நடுக்கத்தையும் படபடப்பையும் வாங்கிக்கொண்டு, இன்ஹேலரைவிடத் தாமதமாகவே நெஞ்சு திறக்கிறது.

இந்த ஆபத்தை உலகம் முதலில் உணர்ந்தது 1960களில். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் இளவயதினரின் ஆஸ்துமா மரணங்கள் திடீரென உயர்ந்தன. சால்பியூட்டமால்போல நெஞ்சைத் திறக்கும் பழைய மருந்தான ஐசோபிரினலினின் வீரியம் கூட்டிய இன்ஹேலர் அங்கெல்லாம் விற்பனையில் இருந்தது. அந்த வீரிய வடிவம் விற்கப்படாத அமெரிக்காவில் அத்தகைய உயர்வு ஏற்படவில்லை. பாடம் அத்தோடு முடியவில்லை. 1976இல் நியூசிலாந்தில் மீண்டும் மரணங்கள் கூடத் தொடங்கின. பல ஆண்டுகள் காரணம் விளங்காமல் இருந்து, 1989இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, அதே வகையைச் சேர்ந்த பெனோட்டெரால் என்ற இன்ஹேலரை எழுதிக்கொடுக்கப்பட்டவர்களிடையே மரண ஆபத்து கூடுதலாக இருப்பதைச் சுட்டிக்காட்டியது. நோய் கடுமையானவர்களுக்குத்தானே அந்த மருந்து தரப்பட்டிருக்கும், பிறகு அவர்கள் இறந்ததற்கு மருந்தை ஏன் பழிக்க வேண்டும் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மருந்தின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்ட உடனேயே நாட்டின் ஆஸ்துமா மரண விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த ஆய்வுக் குழுவில் ரிச்சர்ட் பீஸ்லி என்ற இளம் மருத்துவரும் ஒருவர். முப்பது ஆண்டுகள் கழித்து அவர் பெயர் இந்தக் கதைக்குள் மீண்டும் வரும்.

மறுபுறம், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் உயிர் காக்கிறது என்பதற்கான சான்றும் திரண்டது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து மருந்துப் பதிவுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஓர் ஆண்டில் நோயாளி கூடுதலாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் மரண விகிதம் 21 விழுக்காடு குறைவதாகக் கணக்கிட்டது. 2014இல் பிரிட்டனில் 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியானது. மருந்துச் சீட்டு விவரம் கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓர் ஆண்டில் 12க்கும் மேற்பட்ட நிவாரணி இன்ஹேலர்கள் (நீல இன்ஹேலர்போல உடனடிச் சுகம் மட்டும் தருபவை) எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தன. ஓர் இன்ஹேலரில் 200 இழுப்பு என்றால், சராசரியாக ஒரு நாளைக்கு ஆறேழு இழுப்புக்கு வருகிறது. இதைப் படித்தபோது எங்கள் கடையில் மாதம் தவறாமல் நீல இன்ஹேலர் வாங்கிப்போகும் முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே கடும் தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது என்று இன்றைய வழிகாட்டி நூல்கள் எச்சரிக்கின்றன.

அப்படியானால் தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் போதாதா? சொன்னார்கள், பல பத்தாண்டுகளாகச் சொன்னார்கள். நோயாளிகள் கேட்கவில்லை. மூச்சு நன்றாக இருக்கும் நாளில் மருந்து எடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. இது தமிழருக்கோ இந்தியருக்கோ மட்டும் உரிய குணம் அன்று, எல்லா நாடுகளிலும் பதிவான உண்மை. நோயாளியின் இயல்பை மாற்றுவதற்குப் பதிலாக மருந்தை அந்த இயல்புக்கு ஏற்ப அமைத்தால் என்ன என்ற யோசனையே புதிய ஆய்வுகளின் அடிப்படை. பார்மோட்டெரால் என்ற மருந்துக்கு இரண்டு குணங்களும் உண்டு: சால்பியூட்டமால்போலச் சில நிமிடங்களில் நெஞ்சைத் திறக்கும், அதன் பயன் பல மணி நேரம் நீடிக்கும். அதனோடு பியூடிசோனைடு என்ற ஸ்டீராய்டைச் சேர்த்து ஒரே கூட்டு இன்ஹேலராகக் கொடுத்து, மூச்சு இரைக்கும்போது மட்டும் இழுத்துக்கொள்ளச் சொன்னால், நிவாரணம் தேடும் ஒவ்வொரு முறையும் நோயாளி தன்னையறியாமலே அழற்சிக்கான மருந்தையும் எடுத்துக்கொள்கிறார்.

இதைச் சோதித்த சிக்மா ஆய்வுகள் இரண்டும் 2018 மே மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. முதல் ஆய்வில் லேசான ஆஸ்துமா உள்ள 3,800க்கும் மேற்பட்டோர் ஓர் ஆண்டு கண்காணிக்கப்பட்டனர். வெறும் நிவாரணி மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிடுகையில், தேவைப்படும்போது கூட்டு இன்ஹேலர் எடுத்தவர்களுக்குக் கடும் தாக்குதல்கள் 64 விழுக்காடு குறைந்தன. நாள்தோறும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஏறத்தாழ அதே அளவில் இவர்களுக்கும் கிடைத்தது; உள்ளே போன ஸ்டீராய்டோ அவர்களுடையதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அன்றாட அறிகுறிகளைக் கட்டுப்படுத்துவதில் மட்டும் தினசரி ஸ்டீராய்டுதான் சற்று மேலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்த ஆய்வில் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. யாருக்கு எந்த மருந்து என்று தெரியாமல் இருப்பதற்காக, எல்லாப் பங்கேற்பாளர்களும் காலையும் மாலையும் ஓர் இன்ஹேலரை இழுக்க வேண்டியிருந்தது. சிலருக்கு அதில் மருந்தே இல்லை. நிஜ வாழ்க்கையில் அப்படி யார் இருக்கிறார்கள்? அந்தக் குறையை நீக்கியது 2019 மே மாதம் வெளியான 'நாவல் ஸ்டார்ட்' ஆய்வு. அதன் முதல் ஆசிரியர், நான் முன்பு குறிப்பிட்ட அதே பீஸ்லி. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன், இத்தாலி ஆகிய நாடுகளைச் சேர்ந்த 668 பேரிடம், தங்களுக்குத் தரப்படும் மருந்து இன்னது என்று தெரிவித்தே, வழக்கமான வாழ்க்கையில் விட்டு ஆய்வு நடத்தினார்கள். சால்பியூட்டமால் மட்டும் எடுத்த பிரிவில் 23 கடும் தாக்குதல்கள். கூட்டு இன்ஹேலர் பிரிவில் 9. லேசானவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் தாக்குதல் விகிதம் பாதியாகக் குறைந்திருந்தது. அதே ஆண்டில் நியூசிலாந்தில் 890 பேரிடம் நடந்த 'பிராக்டிகல்' ஆய்வு, தினசரி ஸ்டீராய்டும் தேவைக்கு நிவாரணியும் என்ற பழைய முறையைவிடக் கூட்டு இன்ஹேலரைத் தேவைக்கு மட்டும் எடுக்கும் முறையில் கடும் தாக்குதல்கள் 31 விழுக்காடு குறைவு என்று காட்டியது.

மருந்து நிறுவனம் பணம் கொடுத்து நடத்திய ஆய்வுதானே என்று வாசகர்கள் ஐயுறலாம். அந்த ஐயம் எப்போதும் இருக்க வேண்டியதே. சிக்மா ஆய்வுகள் மருந்து நிறுவனம் நடத்தியவை, உண்மை. ஆனால் பிராக்டிகல் ஆய்வு நியூசிலாந்தின் அரசு சார்ந்த சுகாதார ஆராய்ச்சிக் குழுவின் நிதியில் நடந்தது, முடிவும் அதே திசையில்தான் வந்தது. இந்தச் சான்றுகள் திரண்டுகொண்டிருந்தபோதே, நாவல் ஸ்டார்ட், பிராக்டிகல் முடிவுகள் வெளியாவதற்கு முன்பே, 'ஜினா' எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில், பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட சிறாருக்கும் சால்பியூட்டமால் போன்ற நிவாரணியை மட்டும் தந்து சிகிச்சை அளிப்பதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. பிரிட்டனின் தேசிய வழிகாட்டியும் 2024 நவம்பரில் அதே நிலைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு அச்சங்கள் இங்கே குறுக்கே நிற்கின்றன. ஒன்று, மருத்துவம் அறிந்தவர்களின் அச்சம். நீண்ட நேரம் செயல்படும் சால்மெட்டெரால் மருந்தை 26,000க்கும் மேற்பட்டோரிடம் சோதித்த ஆய்வு ஒன்றில், அந்த மருந்து பெற்றவர்களில் 13 பேரும் பெறாதவர்களில் 3 பேரும் ஆஸ்துமாவால் இறந்ததை அவர்கள் நினைவுகூர்வார்கள். பார்மோட்டெராலும் அதே குடும்பம்தான். ஆனால் ஸ்டீராய்டின் துணையின்றித் தனியாகக் கொடுப்பதே ஆபத்தானது. ஒரே குப்பியில் ஸ்டீராய்டோடு சேர்த்துத் தரும்போது அந்த ஆபத்து காணப்படவில்லை என்பதைப் பின்னர் அமெரிக்க அரசின் உத்தரவின்பேரில் நடந்த பெரிய ஆய்வுகள் உறுதிசெய்தன. சால்மெட்டெரால் கலந்த இன்ஹேலரைத் தேவைப்படும்போது எடுக்கும் நிவாரணியாகப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; அது மெதுவாகச் செயல்படுவது.

மற்றது பொதுமக்களின் அச்சம்: "ஸ்டீராய்டா? வேண்டாம்", "பஃப் பழகிவிட்டால் விட முடியாது", "பெண் பார்க்க வருகிற நேரத்தில் இதெல்லாம் தெரியக் கூடாது." மூன்றாவதற்கு மருந்தாளுநரிடம் பதில் இல்லை. முதலாவதற்கு உண்டு. இழுப்பு முற்றியவருக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் பிரெட்னிசோலோன் மாத்திரை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாளைக்கு 200 மில்லிகிராம். பியூடிசோனைடு இன்ஹேலரின் ஓர் இழுப்பில் 200 மைக்ரோகிராம் இருந்தால், அதே எடையை எட்ட ஆயிரம் இழுப்பு தேவை. இரு மருந்துகளின் வீரியமும் வேறு வேறு என்பதால் எடையை நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான்; ஆனாலும் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது இதில் விளங்கும். இன்ஹேலரை மறுத்து ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மாத்திரையும் ஊசியுமாக ஸ்டீராய்டு ஏற்றிக்கொள்பவர், தாம் ஸ்டீராய்டைத் தவிர்த்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார். நாவல் ஸ்டார்ட் ஆய்வில் கூட்டு இன்ஹேலர் எடுத்தவர்களின் உடலில் சேர்ந்த பியூடிசோனைடு நாளொன்றுக்குச் சராசரியாக 107 மைக்ரோகிராம்தான். இழுத்த பின் வாயைக் கொப்பளித்துவிட்டால் வாய்ப்புண்ணும் பெரும்பாலும் வராது.

நம் நாட்டு நிலைக்கு வருகிறேன். உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்துமாவால் நிகழும் மரணங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இங்கே நிகழ்கின்றன என்று உலக நோய்ச்சுமை மதிப்பீடு கூறுகிறது. இந்திய நகரங்களில் நடந்த உலக ஆஸ்துமா வலையமைப்பின் ஆய்வில், வீசிங் உள்ளவர்களில் 82 விழுக்காட்டினருக்கும், கடும் அறிகுறிகள் உள்ளவர்களில்கூட 70 விழுக்காட்டினருக்கும் அது ஆஸ்துமா என்று எந்த மருத்துவரும் கண்டறிந்து சொல்லியிருக்கவில்லை. தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் மிகச் சிலரே. பியூடிசோனைடும் பார்மோட்டெராலும் கலந்த இன்ஹேலர் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், இந்தியாவின் 2022ஆம் ஆண்டு தேசியப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. பட்டியலில் இருப்பது வேறு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியில் ஆண்டு முழுவதும் இருப்பது வேறு. 2024 அக்டோபரில் மத்திய அரசு, உற்பத்தி கட்டுப்படியாகாமல் சந்தையிலிருந்து மறைந்துவிடக் கூடாது என்று கருதிச் சில மருந்துகளின் உச்சவரம்பு விலையை 50 விழுக்காடு உயர்த்தியபோது, அவற்றுள் சால்பியூட்டமால் மாத்திரையும் இருந்தது. மாத்திரை மீது காட்டிய அந்த அக்கறையில் பாதியையாவது கூட்டு இன்ஹேலர் மீதும் காட்டியிருக்கலாம்.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. மொத்தக் கொள்முதல் மூலம் மருந்து விலையைக் குறைத்துக் காட்டிய மருத்துவப் பணிகள் கழகம் 1990களிலிருந்து நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாதாந்தர மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அதே பையில் கூட்டு இன்ஹேலரும் மருந்து நுரையீரலுக்குச் சரியாகப் போய்ச் சேர இன்ஹேலரோடு பொருத்தும் ஒரு ஸ்பேசர் குழாயும் இருக்க வேண்டும். அதை எப்படி இழுப்பது என்று செய்து காட்டும் பயிற்சி அந்தப் பணியாளருக்கு அளிக்கப்பட வேண்டும். இன்ஹேலரைச் சரியாக இழுக்கத் தெரியாமல் மருந்தையெல்லாம் நாக்கிலும் தொண்டையிலும் படியவிட்டு, "இது எனக்குக் கேட்கவில்லை" என்று திரும்பி வருபவர்கள் ஏராளம். நிலக்கரித் தூள், பஞ்சுத் தூசி, விறகடுப்புப் புகை ஆகியவற்றோடு வாழ்பவர்கள் நிறைந்த மாநிலத்தில் இது ஒரு சிலரின் தேவை அன்று.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். மேலே சொன்ன ஆய்வுகளில் பல, மருத்துவரை எளிதில் அணுகக்கூடிய செல்வ நாடுகளில் நடந்தவை. கரூரின் நூற்பாலைத் தொழிலாளியிடமும் ஏலகிரி மலையடிவாரத்தில் விறகடுப்பு ஊதும் பெண்ணிடமும் இதே பலன் கிடைக்குமா என்பதை இங்கேயே சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கான மரபு நமக்கு அந்நியமானது அன்று. காசநோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில்) வைத்துக் கொடுத்ததற்கு இணையான பலன் கிடைக்கும் என்று உலகுக்கு நிறுவியது, 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு. 1959இல் அதன் முடிவுகள் வெளியான பின் உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறியது. ஏழை நோயாளியின் வீட்டு நிலைமையையே ஆய்வின் களமாக எடுத்துக்கொண்டது அதன் சிறப்பு. அந்த ஆய்வு நடந்த நகரில், அரசு மருத்துவக் கல்லூரிகளும் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் கூடி ஆரம்ப சுகாதார நிலையங்களில் சால்பியூட்டமாலையும் கூட்டு இன்ஹேலரையும் ஒப்பிட்டு ஓராண்டு ஆய்வு நடத்த மாநில அரசு நிதி ஒதுக்க வேண்டும். பெரிய தொகை தேவைப்படும் ஆய்வு அன்று இது. இரண்டுமே பழைய மருந்துகள், காப்புரிமைத் தொல்லையும் இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் கையிலிருக்கும் நீல இன்ஹேலரைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்; மாற்று கைக்கு வரும் வரை அவசரத்துக்கு அதுவே துணை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, கடந்த ஓர் ஆண்டில் எத்தனை இன்ஹேலர் தீர்ந்தது, எத்தனை முறை நெபு வைக்க நேர்ந்தது என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பார்மோட்டெரால் கலந்த கூட்டு இன்ஹேலர் தமக்குப் பொருந்துமா, பொருந்தினால் எந்த அளவுடையது, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை முறை இழுக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவுகள் பலவாக விற்கப்படுவதால் இதில் தவறு நேர இடமுண்டு. தங்கள் நாளிதழ் அடுத்த சிறப்புப் பக்கம் வெளியிடும்போது நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரிடம் இந்தக் கேள்விகளுக்கான விடைகளைப் பெற்று, இன்ஹேலர் இழுக்கும் முறையைப் படங்களோடு வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கரூர்.